சிறிது சிரமம்

ஜனவரி 9, வெள்ளி

முதலில் ஒன்றைத் திருத்திவிடுகிறேன். நான் யார் மீதும் வழக்குப் போடவில்லை. மருந்துக் கடை தவசி மீது நான் டெல்லி வரைக்கும் புகார் எழுதிவிட்டதாகத் தெரு முழுக்கப் பேச்சு. கிளப்பிவிட்டது பக்கத்து வீட்டு பிளாரன்ஸ் ரொட்ரிகோ. மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வரும்போதே மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். தவசி என்னைக் கண்டு தலையைத் திருப்பிக்கொண்டார்.

நடந்தது இதுதான். அக்டோபரில் ஆங்கிலப் பத்திரிகையில் ஒரு விளம்பரம் வந்தது. மாத்திரை அட்டைகளில் எதை எப்படி அச்சிட வேண்டும் என்பதை நாடாளுமன்ற நிலைக்குழு ஒன்று ஆராய்கிறது. பொதுமக்கள் தங்கள் கருத்தை எழுதி அனுப்பலாம். (பத்திரிகையை நான் வாங்குவதில்லை. பிளாரன்ஸின் கணவர் காலையில் மதிலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து சத்தமாக வாசிப்பார். ஒரு வீட்டுக்கு வாங்கும் பத்திரிகை இரண்டு வீட்டுக்குப் போதும்.) நான் டைப்பிங் சென்டருக்குப் போய் நான்கு பக்கம் சொல்லி, அடிக்க வைத்து, அனுப்பினேன். கடைக்காரர்கள் அட்டையைக் கத்தரித்துக் கொடுக்கும்போது மருந்தின் பெயர் ஒரு துண்டிலும் காலாவதித் தேதி இன்னொரு துண்டிலும் போய்விடுகிறது என்று எழுதினேன். எழுத்துகள் எறும்பு போல இருக்கின்றன என்று எழுதினேன். தவசியின் பெயரை எங்கும் எழுதவில்லை.

நேற்று டெல்லியிலிருந்து தொலைபேசி. "திருமதி செலஸ்டினா கொரைரா அவர்கள்தானே? குழுவின் முன் நேரில் வந்து சாட்சியம் அளிக்க இயலுமா?" என்று ஒருவர் நல்ல ஆங்கிலத்தில் கேட்டார். எனக்கு எழுபத்தெட்டு வயது. இவ்வளவு மரியாதையாக என்னை யாரும் எதற்கும் கூப்பிட்டதில்லை. "இயலும்" என்றேன். பிறகுதான் உட்கார்ந்தேன்.

வீட்டு வேலைக்கு வரும் இசக்கியிடம் சொன்னேன்.

"சாட்சியா? யாரு யாரைக் கொன்னுட்டாவளாம்?" என்றாள்.

"யாரும் யாரையும் கொல்லலை. சட்டம் செய்றதுக்கு முன்னால மனுசங்ககிட்ட கேக்கிறாங்க."

"அப்போ நம்மகிட்டயும் கேப்பாவளா? எனக்கு ரேசன் கடை அரிசியைப் பத்தி நாலு வார்த்த சொல்லணும்."

"அதுக்கு வேற குழு இருக்கு."

"அரிசிக்குத் தனியாவா?" என்று கேட்டுவிட்டு முறத்தைத் தட்டினாள்.

இந்த ஆண்டு வாங்கிய நாட்குறிப்பு சரியில்லை. ஒரு நாளுக்கு ஒரு பக்கம் போதவில்லை. பக்கங்களைச் சிறிதாக்கிவிட்டார்கள்.

ஜனவரி 12, திங்கள்

பெங்களூருவிலிருந்து எவ்லின் பேசினாள். என் ஒரே மகள். வங்கியில் பெரிய பதவி. குரலிலும் அது உண்டு. டெல்லி விஷயத்தைச் சொன்னேன். சந்தோஷப்பட்டாள், கூடவே சந்தேகமும் பட்டாள்.

"மம்மி, போன வருஷம் படியில விழுந்தீங்க. இப்போ டெல்லியா?"

"விழலை. உட்கார்ந்தேன், கொஞ்சம் வேகமா."

"நான் சொன்னது ஞாபகம் இருக்கில்ல? இன்னொரு தடவை ஏதாவது ஆச்சுன்னா வீட்டைப் பூட்டிட்டு என்கூட வந்துடணும்."

ஞாபகம் இருக்கிறது. அவளுடைய அடுக்குமாடியில் பதினோராவது மாடி. ஜன்னலைத் திறந்தால் இன்னொரு ஜன்னல். காலை முதல் மாலை வரை பேச ஆளில்லை. இங்கே எனக்கு அடுப்படி முதல் மாதா கோயில் வாசல் வரை கால்களுக்கே வழி தெரியும். இந்த வீட்டில் நான் மருமகளாக நுழைந்தேன். என் கணவர் லூர்து போனதும் இங்கிருந்துதான். நான் பெங்களூருக்குப் போகப் போவதில்லை.

அவளே டெல்லிக்குக் கூட வருகிறாளாம். வரட்டும்.

ஜனவரி 18, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. காலை மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தவள் தூங்கிவிட்டேன். மதியம் இசக்கி கதவை இடித்து எழுப்பினாள். முந்தின நாள் அலைச்சல். எவ்லினிடம் சொல்ல வேண்டாம் என்று இசக்கியிடம் சொல்லிவிட்டேன்.

ஜனவரி 30, வெள்ளி

அழைப்புக் கடிதம் எவ்லினின் மின்னஞ்சலுக்கு வந்துவிட்டது. தொலைபேசியில் இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். பிப்ரவரி 24. போகவர விமானக் கட்டணம் அவர்களே தருகிறார்கள். அடையாள அட்டை வேண்டும். எந்த மொழியில் பேசுவீர்கள் என்று ஒரு கேள்வி.

"இங்கிலீஷ்னு போட்டுடறேன்."

"தமிழையும் சேர்த்துப் போடு."

"எதுக்கு? உங்க இங்கிலீஷைக் கேட்டா அவங்களே எழுந்து நிப்பாங்க."

"இருக்கட்டும், போடு."

ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு

நான்கு பக்கத்தையும் மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறேன். தாளைப் பார்த்து வாசிப்பவரை யாரும் நம்ப மாட்டார்கள். பேசுகிறவர் எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்க்க வேண்டும். கான்வென்ட்டில் மதர் பிரிஜித் எங்களை அப்படித்தான் பழக்கினார். டைப்பிங் சென்டர் பெண்ணையே இரண்டு முறை மெதுவாக வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். மற்றது தானே வந்துவிடும்.

இசக்கி முருங்கைக் கீரையை உருவிக்கொண்டே கேட்டாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. அதனால் நல்ல ரசிகை.

"எப்படி இருக்கு?"

"கோவத்துல திட்டுத மாரி இருக்கும்மா. ஆனா நல்லாருக்கு. கடைசியில மட்டும் சத்தம் கொறஞ்சிட்டு."

கடைசிப் பத்தி: "பார்வை குறைந்த சிலருக்கு, விரலால் தொட்டு அறியும்படி அட்டையில் ஓர் அடையாளம் வைப்பது பயன்படக்கூடும்." அது அவ்வளவு முக்கியமில்லை. பொதுவாகச் சொன்னது.

பிப்ரவரி 15, ஞாயிறு

டெல்லிக்கு எந்தச் சேலை? பட்டா, பருத்தியா? சாம்பல் நிறப் பருத்தி. பட்டுடுத்திப் போனால் பரிசு வாங்க வந்தவள் என்று நினைப்பார்கள்.

காப்பியில் உப்பு விழுந்துவிட்டது. இசக்கிதான் இரண்டு டப்பாக்களையும் மாற்றி வைத்திருக்க வேண்டும். "நான் டப்பாவையே தொடலையே" என்கிறாள். அறையின் பல்பை மாற்றி இன்னும் பெரிதாகப் போடச் சொன்னேன். முந்தின பல்பும் பெரியதுதான் என்று எலக்ட்ரீசியன் முணுமுணுத்தான்.

இப்போது தெருவில் என்னை எல்லோரும் "டெல்லியம்மா" என்கிறார்கள். கண்டிக்கவில்லை.

பிப்ரவரி 23, திங்கள்

டெல்லி. குளிர். விமானத்தில் ஜன்னலோர இருக்கை கொடுத்தார்கள், எவ்லினுக்கு விட்டுக்கொடுத்தேன். விடுதியில் சாப்பாட்டு அட்டையை நீட்டினார்கள். "நீயே பார்த்துச் சொல்லு" என்றேன். சூப் நன்றாக இருந்தது. நாளை. நாளை.

பிப்ரவரி 25, புதன்

நேற்று எழுத முடியவில்லை. இன்று விமான நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்; எவ்லின் காப்பி வாங்கப் போயிருக்கிறாள்.

எவ்லினை வெளிக்கூடத்தில் நிறுத்திவிட்டார்கள். சாட்சிக்கு மட்டுமே உள்ளே அனுமதி. ஒரு பணியாளர் என் முழங்கையைப் பிடித்து அழைத்துப் போனார். பெரிய அறை, வளைந்த மேசை, எல்லோர் முன்னும் மைக். பெயர்ப் பலகைகள் இருந்தன. நான் உறுப்பினர்களைக் குரலால் அறிந்துகொண்டேன். அதுவே நல்ல முறை. தலைவருக்குச் சளி பிடித்த குரல். வடகிழக்கிலிருந்து வந்த ஓர் இளம் உறுப்பினர், பெண், குரலில் சிரிப்பு. மருந்து உற்பத்தியாளர் தரப்பிலிருந்து ஒரு நிபுணரையும் அழைத்திருந்தார்கள்; அவர் பேசுவது இஸ்திரி போட்ட துணி மாதிரி இருந்தது.

தலைவர் முதலில் விதியைச் சொன்னார். நான் சொல்வதெல்லாம் பதிவாகும், பின்னால் அச்சாகி வெளிவரக்கூடும். ஏதாவது ஒரு பகுதியை ரகசியமாக வைக்க விரும்பினால் சொல்லலாம். அறிக்கை அவையில் வைக்கப்படும் வரை இங்கே பேசியதை வெளியே சொல்லக் கூடாது. "புரிந்தது" என்றேன். (இந்த நாட்குறிப்பு பூட்டிய பெட்டியில் இருக்கும்.)

எழுந்து நின்றேன். "மாண்புமிகு தலைவர் அவர்களே" என்று தொடங்கி இரண்டாவது வாக்கியத்துக்குப் போகவில்லை.

"உட்காருங்கள் அம்மா. உங்கள் மனுவை எல்லோரும் படித்திருக்கிறோம். அது வாசிக்கப்பட்டதாகவே கொள்ளப்படும். நேராகக் கேள்விகளுக்குப் போவோம்."

அதுதான் குழுவின் வழக்கமாம். நான்கு பக்க மனப்பாடத்தையும் விழுங்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஆனால் கேள்விகள் வர வர எனக்கு இறக்கை முளைத்தது. கத்தரித்த அட்டையில் எந்தப் பக்கம் தேதி போகும், கடைக்காரர் எந்த முனையிலிருந்து வெட்டுவார், இரண்டு வேறு மருந்துகளின் அட்டைகள் எப்படி ஒரே அளவில் ஒரே வெள்ளியில் வருகின்றன, எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது.

"உங்கள் கடைக்காரரோடு சண்டை போடுவீர்களா?" என்று ஓர் உறுப்பினர் கேட்டார்.

"சண்டை போட மாட்டேன். அவருடைய கத்தரிக்கோலை எடுத்து என் பையில் வைத்துக்கொண்டு பேசுவேன்."

மேசை முழுக்கச் சிரித்தது. என் கணவர் போன பிறகு நான் சொன்னதற்கு ஓர் அறை முழுக்கச் சிரித்தது இதுதான் முதல் தடவை.

பிறகு அந்த நிபுணர். எழுத்துகளைப் பெரிதாக்க அவர்கள் தயாராம். ஒவ்வொரு மாத்திரைக்குப் பின்னாலும் பெயரையும் தேதியையும் போடவும் தயாராம். மாதிரி அட்டை ஒன்றை என் கையில் கொடுத்தார். "அம்மாவின் கோரிக்கை நிறைவேறிவிட்டது. கடைசிப் பத்தியில் உள்ள தொடு அடையாளம் மட்டும் கடினம். எல்லா இயந்திரங்களிலும் வார்ப்புகளை மாற்ற வேண்டும். அதுவும் 'சிலருக்கு' என்று அவரே எழுதியிருக்கிறார். யார் அந்தச் சிலர்? பெரிய எழுத்தே போதாதா?"

"நியாயமான கேள்விதான்," என்றார் தலைவர். "அம்மா, அதைப் பார்த்துச் சொல்லுங்கள். போதுமா?"

அந்த இளம் உறுப்பினர், "அப்படிப்பட்டவர் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

அட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஓரங்களில் வெள்ளி மினுங்கியது. நடுவில் எப்போதும் இருக்கும் அந்தப் புகை. போதும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லோரும் நன்றி சொல்லித் தேநீருக்கு எழுந்திருப்பார்கள். என் வீடும் எனக்குப் பத்திரம். யாரோ பேனாவை மூடும் சத்தம்.

தமிழில்தான் வந்தது.

"அந்தச் சிலர்ல ஒருத்தி நான். இதுல என்ன எழுதியிருக்குன்னு எனக்குத் தெரியல. இன்னும் பத்து மடங்கு பெரிசா எழுதினாலும் தெரியாது. நடுவுல இருக்கிறது எனக்குத் தெரியாது, ஓரம்தான் தெரியும். இது திரும்ப வராதுன்னு டாக்டர் சொல்லிட்டார். போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை காலையில பிரஷர் மாத்திரைன்னு நினைச்சு ராத்திரி போடுற தூக்க மாத்திரையப் போட்டுட்டேன். அப்புறம் அட்டைக்கு அட்டை ரப்பர் பேண்ட் போட்டு வச்சிருக்கேன், ஒண்ணுக்கு ஒண்ணு, ஒண்ணுக்கு ரெண்டு. நான் தனியா இருக்கேன். தனியாவே இருக்கணும்னு விரும்புறேன். அதுக்கு எது எந்த மாத்திரைன்னு என் விரலுக்குத் தெரியணும்."

எங்கோ ஒரு கூண்டுக்குள்ளிருந்து மொழிபெயர்ப்பாளர் பேசிக்கொண்டிருந்தார்.

தலைவர் இருமிவிட்டு, "இந்தப் பகுதியை ரகசியமாக வைத்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்டார்.

"வேண்டாம்."

வெளிக்கூடத்தில் எவ்லின் ஓடி வந்தாள். "என்ன மம்மி கேட்டாங்க?"

"சொல்லக் கூடாது. விதி."

எனக்கு இவ்வளவு பிடித்த விதி இதுவரை எதுவும் இல்லை.

மார்ச் 3, செவ்வாய்

தெருவே திருவிழா மாதிரி இருக்கிறது. தவசி தாமே வந்து, "நீங்க என்னைக் காப்பாத்திட்டீங்கன்னு கேள்விப்பட்டேன்" என்றார். என்ன கேள்விப்பட்டாரோ. இன்று முழு அட்டையாகவே கொடுத்தார். பிளாரன்ஸ் மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "அக்கா, பிரதமர் எப்படி இருக்கார்?" என்கிறாள். பிரதமரை நான் பார்க்கவில்லை என்றால் நம்புவதாக இல்லை.

மார்ச் 16, திங்கள்

டெல்லியிலிருந்து கனமான உறை. வெளியே விரலுக்குத் தட்டுப்படும் முத்திரை. அன்று பேசியது முழுவதும், ஒரு வார்த்தை விடாமல், அச்சடித்து வந்திருக்கிறது. தபால்காரர் முதல் தாளை வாசித்துச் சொன்னார்: பிழை இருந்தால் இரண்டு வாரத்துக்குள் திருத்தி அனுப்ப வேண்டும், பேசியதை அழகுபடுத்தக் கூடாது, பதில் வராவிட்டால் சரியென்றே கொள்ளப்படும். அதற்கு மேல் அவரை வாசிக்க விடவில்லை.

யாரிடமும் கொடுக்க முடியாது. பெரிய பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போகிறேன். நல்ல வெயிலில் தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால் பார்த்தால் ஓர் எழுத்து பிடிபடும், பிறகு அடுத்தது.

மார்ச் 18, புதன்

கத்தரிக்கோல் பதில் அப்படியே இருக்கிறது. அடைப்புக்குள் "சிரிப்பு" என்றும் போட்டிருக்கிறார்கள். இரண்டு முறை வாசித்தேன்.

பதினேழாம் பக்கத்துக்கு இன்றுதான் வந்து சேர்ந்தேன். தமிழில் நான் சொன்னதற்கு ஆங்கிலத்தில் இப்படி இருக்கிறது: "வயதின் காரணமாக, சாட்சிக்கு வாசிப்பதில் சிறிது சிரமம் உண்டு. தொடு அடையாளம் இருந்தால் வசதியாக இருக்கும் என அவர் கருதுகிறார்." ஞாயிற்றுக்கிழமையும் இல்லை, ரப்பர் பேண்டும் இல்லை.

அந்த மொழிபெயர்ப்பாளர் நல்ல வீட்டுப் பிள்ளையாக இருக்க வேண்டும். ஒரு வயதான பெண்மணி இத்தனை பேர் முன்னால் தன்னைத் தாழ்த்திக்கொள்வதைப் பொறுக்க முடியாமல், மேலே ஒரு சால்வையைப் போர்த்திவிட்டார்.

மார்ச் 19, வியாழன்

அப்படியே விட்டுவிடலாம். சிறிது சிரமம்தான்.

மார்ச் 20, வெள்ளி

கோயிலில் தவக்காலச் சிலுவைப்பாதை வழிபாட்டுக்குப் போனேன். மனம் நிற்கவில்லை. அந்த நிபுணரின் இஸ்திரி போட்ட குரலே கேட்டுக்கொண்டிருந்தது: பெரிய எழுத்தே போதாதா? சிறிது சிரமம் உள்ளவளுக்குப் பெரிய எழுத்து தாராளமாகப் போதும். நான் டெல்லி வரைக்கும் போய் அவருடைய பக்கத்துக்குச் சாட்சி சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து பிரஷர் மாத்திரையை எடுத்தேன். ஒரு ரப்பர் பேண்ட். ரப்பர் பேண்ட் அறுந்து போகும்.

மார்ச் 21, சனி

எவ்லினைக் கூப்பிட்டேன்.

"அங்க நான் என்ன பேசினேன்னு உன்கிட்ட சொல்லக் கூடாது. ஆனா என் கண்ணைப் பத்திச் சொல்லலாம். அதுக்குத் தடையில்லை."

"கண்ணுக்கு என்ன?"

சொன்னேன். சுருக்கமாக. கல்யாணத்துக்கு என்று அவளிடம் சொல்லிவிட்டு நான் மதுரைக்குப் போனது கண் மருத்துவரிடம்தான் என்பதையும் சொன்னேன்.

"சாப்பாட்டு அட்டை," என்றாள். "விமானத்துல ஜன்னல் சீட்டு. அந்த மெயில என்னை ரெண்டு தடவ படிக்கச் சொன்னது. மம்மி, நான் மூணு நாள் உங்க பக்கத்துலயே இருந்தேன்."

"நீ நல்லாப் பார்த்துக்கிட்ட."

"அதைச் சொல்லாதீங்க." அழுகிறாளா, கோபப்படுகிறாளா என்று குரலில் பிரிக்க முடியவில்லை. "எனக்குத் தெரிஞ்சா கூட்டிட்டுப் போயிடுவேன்னுதானே?"

"ஆமா."

"இப்போ மட்டும் ஏன் சொல்றீங்க?"

"திருத்தம் போடணும். அது அச்சாகி வரும்போது நீ ஊரார் வாயால தெரிஞ்சுக்கக் கூடாது. தவிர, எனக்கு டைப் அடிக்க ஆள் வேணும்."

"நாளைக்கு வரேன்," என்று வைத்துவிட்டாள்.

மார்ச் 22, ஞாயிறு

வந்தாள். காலணியைக் கூடக் கழற்றாமல் அடுப்படிக்குப் போனாள். டப்பாக்களைத் திறந்து மூடினாள். மாத்திரைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து மேசையில் கொட்டினாள்.

"எடுங்க பார்ப்போம். பிரஷர்."

எடுத்தேன்.

"தைராய்டு. தூக்க மாத்திரை."

எடுத்தேன்.

அவளும் கண்ணை மூடிக்கொண்டு முயன்றாள். ஒன்றைத் தவறாக எடுத்தாள். நான் ஒன்றையும் தவறவில்லை; அதைச் சொல்லவும் செய்தேன்.

"ரப்பர் பேண்ட் அறுந்தா?"

"அதுக்குத்தான் டெல்லிக்குப் போனேன்."

இசக்கி வாசலில் நின்று, "பாப்பா, அம்மாவக் கூட்டிட்டுப் போயிருவியளோ?" என்று கேட்டாள். எவ்லின் மாத்திரைகளைப் பெட்டிக்குள் அள்ளிப் போட்டாள். மதியம் மீன் குழம்பில் கரண்டியை வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். என்னையே பார்த்துக்கொண்டிருந்திருப்பாள் என்று நினைக்கிறேன்.

பிறகு, திருத்தம் அடிக்க வேறு வழியில்லை என்று பதினேழாம் பக்கத்தை மட்டும் அவளிடம் கொடுத்தேன்; படித்துவிட்டு மடிக்கணினியைத் திறந்தாள். "மம்மி, 'சிறிது சிரமம்'னே இருந்துட்டுப் போகட்டுமே. உங்க பேரோட நாடு முழுக்கப் படிப்பாங்க. பிளாரன்ஸ் ஆன்ட்டி வீட்டுக்காரர் மதில் பக்கம் உட்கார்ந்து சத்தமா வாசிப்பார்."

"வாசிக்கட்டும். அவர் உச்சரிப்பு ஒண்ணுதான் எனக்குக் கவலை."

அவள் சிரித்துவிட்டாள். வீட்டைப் பற்றி முடிவு சொல்லவில்லை. அறிக்கை வரட்டும், அதுவரை மாதம் ஒரு முறை வந்து அவளே என்னைக் கண் மருத்துவரிடம் அழைத்துப் போவாளாம். அதற்கு நான் முகம் சுளிக்கக் கூடாதாம். ஒப்புக்கொண்டேன். அறிக்கைக்குப் பிறகு என்ன என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

நான் சொல்லச் சொல்ல அவள் ஆங்கிலத்தில் அடித்தாள். அதன் தமிழை இங்கே எழுதி வைக்கிறேன்:

ஐயா,

பிப்ரவரி 24 அன்று நான் அளித்த சாட்சியத்தின் பதினேழாம் பக்கத்தில், எனக்கு வாசிப்பதில் "சிறிது சிரமம்" உண்டு என்று பதிவாகியுள்ளது. நான் அப்படிச் சொல்லவில்லை. என் கையில் கொடுக்கப்பட்ட அட்டையை என்னால் வாசிக்க முடியவில்லை என்றும், எழுத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கினாலும் முடியாது என்றும், இதனால் ஒரு நாள் மருந்தை மாற்றி உட்கொண்டேன் என்றும் தமிழில் சொன்னேன். நான் தனியாக வாழ்கிறேன், தனியாகவே வாழ விரும்புகிறேன், அதற்குத் தொடு அடையாளம் தேவை என்றும் சொன்னேன். அது வசதிக்காகக் கேட்டதல்ல.

மொழிபெயர்ப்பாளர் என்னிடம் காட்டிய மரியாதைக்கு நன்றி. அவரைக் குறை சொல்ல வேண்டாம். ஒலிப்பதிவைக் கேட்டு, நான் சொன்னபடியே திருத்தவும். இதில் எந்தப் பகுதியையும் ரகசியமாக வைக்க வேண்டியதில்லை.

திருத்தம் பதிவில் ஏறியதா என்பதை எனக்கு எழுத்துமூலம் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.